புதுசு எண்டால் யாருக்குப் புதுசு? மஞ்சள் வழக்கும் ஆக்கவுரிமையும்

1995 மார்ச் மாதம் அமெரிக்க ஆக்கவுரிமை அலுவலகம் 5,401,504 என்ற இலக்கத்தில் ஓர் ஆக்கவுரிமையை வழங்கியது. அதைப் பெற்றது மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம். கண்டுபிடிப்பு இதுதான்: மஞ்சள் தூளைக் காயத்தில் பூசினாலும் உள்ளுக்குக் கொடுத்தாலும் காயம் ஆறும்.

எங்கட அம்மம்மாமாரிட்டச் சொன்னால் சிரிப்பினம். "இதைக் கண்டுபிடிக்க அமெரிக்காவுக்கே போகோணும்?" எண்டு கேட்பினம். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது. ஊருக்கே தெரிந்த ஒன்றை ஒரு சட்டம் எப்படிப் 'புதியது' என்று ஏற்றுக்கொண்டது?

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். ஆக்கவுரிமை, அதாவது நாங்கள் பேச்சில் பேட்டன்ட் என்று சொல்வது, அரசுக்கும் கண்டுபிடிப்பாளருக்கும் இடையிலான ஒரு கொடுக்கல் வாங்கல். கண்டுபிடித்ததை ஒளிக்காமல் எழுதிக் கொடுக்கவேண்டும். பதிலுக்கு, குறித்த காலத்துக்கு அவருடைய அனுமதியில்லாமல் வேறு யாரும் அதைச் செய்யவோ விற்கவோ முடியாது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி அந்தக் காலம் 20 வருடங்கள்.

எல்லாவற்றுக்கும் இது கிடைக்காது. மூன்று கேள்விகளைத் தாண்டவேண்டும். அது புதியதா? அந்தத் துறை தெரிந்த ஒருவருக்கு இலகுவில் தோன்றாத ஒரு படி அதில் இருக்கிறதா? அதைத் தொழிலில் செய்து பயன்படுத்த முடியுமா? இயற்கையில் ஏற்கெனவே இருப்பதைக் கண்டறிந்தால் போதாது. விஞ்ஞானக் கோட்பாடு, கணித முறை, வியாபாரத் திட்டம் போன்றவற்றுக்கும் எங்கட சட்டத்தில் இடமில்லை.

இதில் முதலாவது கேள்விதான் லேசானது போலத் தெரியும். வரலாற்றைப் பார்த்தால் அதுதான் பெரிய சிக்கல்.

1474இல் வெனிஸ் குடியரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. இன்றைய ஆக்கவுரிமைச் சட்டங்களுக்கு முன்னோடி என்று அதைச் சொல்வார்கள். புதிய, நுட்பமான கருவி ஒன்றைச் செய்தவருக்கு 10 வருடப் பாதுகாப்பு. ஆனால் அது வெனிஸின் ஆட்சிப் பகுதிக்குள் முன்னர் செய்யப்படாததாக இருந்தால் போதும். வேறு நாட்டில் நூறு வருடமாக இருந்தாலும் பரவாயில்லை. 1624இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் மன்னர் அள்ளிக் கொடுத்த ஏகபோகங்களைக் கட்டுப்படுத்தியபோது, புதிய கண்டுபிடிப்புகளுக்கு மட்டும் 14 வருட விலக்கு வைத்தது. அங்கேயும் வெளிநாட்டிலிருந்து ஒரு தொழிலை முதலில் கொண்டுவந்தவர் 'கண்டுபிடித்தவர்' ஆகலாம். ஆக, புதியது என்பதற்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு எல்லைக்கோடு இருந்தது. எங்களுக்குத் தெரியாதது எல்லாம் புதியது!

மஞ்சள் அந்தக் கோட்டில்தான் தடுக்கியது. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில், அமெரிக்காவுக்குள் மக்கள் அறிந்தோ பயன்படுத்தியோ வந்த ஒன்று 'ஏற்கெனவே இருந்தது' எனக் கணக்கில் வரும். வெளிநாட்டில் என்றால் அது அச்சில் வந்திருக்கவேண்டும், அல்லது அங்கே ஆக்கவுரிமை பெற்றிருக்கவேண்டும். கோடிக்கணக்கான குசினிகளில் மஞ்சள் அரைத்துப் பூசியது சாட்சியமே இல்லை.

1996இல் இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம் இதை எதிர்த்தது. பழைய நூல்கள், 1953இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த ஒரு கட்டுரை என்று 32 சான்றுகளைக் கொடுத்தது. 1997இல் ஆக்கவுரிமை ரத்தானது. அதாவது அம்மம்மாவுக்குத் தெரிந்தது எழுத்தில் இருந்தபடியால்தான் வென்றது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். அந்த ஆக்கவுரிமை அமெரிக்காவுக்குள் மட்டும்தான் செல்லும். யாழ்ப்பாணத்தில் காயத்துக்கு மஞ்சள் போடுபவரை யாரும் தடுத்திருக்க முடியாது. மஞ்சளிலிருந்து உண்மையிலேயே புதிய மருந்தொன்றைச் செய்தால் அதற்கு இன்றும் ஆக்கவுரிமை கேட்கலாம். பிரச்சினை மஞ்சளைத் தொட்டதில் இல்லை, பழையதைப் புதியதென்று பதிந்ததில்தான்.

ஐரோப்பாவில் கதை கொஞ்சம் வேறு. 1994இல் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் அமெரிக்க விவசாயத் திணைக்களமும் வேப்பெண்ணெயால் பங்கசுகளைக் கட்டுப்படுத்தும் முறை ஒன்றுக்கு அங்கே ஆக்கவுரிமை பெற்றன. வந்தனா சிவா போன்றவர்கள் எதிர்த்தார்கள். ஐரோப்பியச் சட்டம் உலகில் எங்கே நடந்த பயன்பாட்டையும், வாய்மொழியாகச் சொன்னதையும் கணக்கில் எடுக்கும். அதனால் இந்தியாவிலிருந்து ஒருவர் நேரில் போய்ச் சாட்சி சொல்ல முடிந்தது. 2000இல் அது ரத்தானது. 2005இல் மேன்முறையீடும் தோற்றது. அமெரிக்காவும் 2011இல் சட்டத்தைத் திருத்தியது. 2013 முதல் அங்கேயும் அந்த எல்லைக்கோடு இல்லை.

எங்கட 2003ஆம் ஆண்டுச் சட்டமும் உலகில் எங்கேனும் எழுத்தாலோ, பேச்சாலோ, பயன்பாட்டாலோ வெளிப்பட்டதைப் புதியது என்று ஏற்காது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் சட்டம் ஏற்பது வேறு, நிரூபிப்பது வேறு. பரிசோதகரின் மேசைக்கு அம்மம்மாவின் குரல் போய்ச் சேர்வதில்லை. இந்தியா 2001இல் பாரம்பரிய அறிவுக்கான மின்னூலகம் ஒன்றைத் தொடங்கி, தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களையும் ஆங்கிலம், யப்பானியம் உட்பட ஐந்து மொழிகளில் ஆக்கவுரிமைப் பரிசோதகர்களுக்குக் கிடைக்கச் செய்தது இதற்காகத்தான்.

எங்களிடமும் எழுத்து இருந்தது. யாழ்ப்பாண அரசர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பரராசசேகரம், செகராசசேகரம் என்ற வைத்திய நூல்கள் அச்சில் வந்து பிழைத்துக்கொண்டன. 1981இல் யாழ் பொது நூலகத்தோடு எரிந்த சுமார் 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் போயின. அதைப் பண்பாட்டு இழப்பு என்று நாங்கள் பேசுகிறோம். அது சான்றுகளின் இழப்பும்தான்.

எழுதி வெளியிட்டால் இன்னொருவர் அதைத் தன்னுடையது என்று பதிவதைத் தடுக்கலாம். ஆனால் அந்த அறிவைக் காத்துவந்த வைத்தியருக்கு அதனால் ஒரு சதமும் வராது. அந்த நியாயத்துக்கு இன்னும் சரியான சட்டம் இல்லை. 2024 மே மாதம் ஜெனீவாவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட உடன்படிக்கை, பாரம்பரிய அறிவை அடிப்படையாகக் கொண்டு ஆக்கவுரிமை கேட்பவர் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லவேண்டும் என்கிறது. அது ஒரு தொடக்கம் மட்டுமே.

அதுவரைக்கும் எங்களால் செய்யக்கூடிய ஒன்று இருக்கு. ஊரில் மிஞ்சியிருக்கும் வைத்தியர்களிடமும் பெரியவர்களிடமும் போய்க் கேட்பம். அவை சம்மதிச்சால் திகதியும் பெயரும் போட்டு எழுதி வைப்பம்.