எத்தனை நடை?

காரவள்ளியிலிருந்து எங்கள் கொல்லிமலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒருமுறை உங்களை ஊருக்கு அழைத்துப் போனேனே, இருபதாவது வளைவிலேயே பாதிப் பேருக்குத் தலை சுற்றியது நினைவிருக்கிறதா? வீடு கட்டக் கம்பியும் சிமெண்டும் ஏற்றும்போது அப்பா கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை நடைப்பா?" என்பதுதான். பாதைக்குத் தக்கபடி சுமையைப் பிரிப்பது டிரைவர் வேலை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் 'டிவைஸ் டிரைவ'ருக்கும் அதே வேலைதான்!

1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் நினைவகத்துக்கும் ஃபிளாப்பிக்கும் இடையே தகவலைச் சுமந்தது இன்டெல் 8237 சிப். அதன் எண்ணிக்கைப் பதிவேடு 16 பிட். ஒரு நடைக்கு 64 கே.பி.தான். முகவரியின் மேல் 4 பிட்டுகள் தனிப் பதிவேட்டில் இருந்தன, அவை தானாக நகராது. 64 கே.பி. எல்லையைத் தாண்டினால் தகவல் அதே பகுதியின் தொடக்கத்துக்குத் திரும்பி, அங்கிருந்ததை அழித்துவிடும். பிழைச் செய்தியும் வராது.

1984-இன் பி.சி. ஏ.டி.யில் 16 எம்.பி. வரை எட்டியது. அதற்கு மேலே போக, கீழே ஓரிடத்தில் இறக்கிப் பிறகு நகலெடுத்தார்கள். பெயர் 'பவுன்ஸ் பஃபர்'. அடிவாரத்தில் வண்டி மாற்றுகிற மாதிரி.

பெர்க்லியின் பி.எஸ்.டி. யூனிக்ஸ் இதை ஒழுங்குபடுத்தியது. 'மின்ஃபிஸ்' என்ற சிறு ஃபங்ஷன் ஒரு நடையின் அளவைக் குறைக்கும். மிச்சத்தைக் கெர்னல் அடுத்தடுத்த நடைகளில் அனுப்பும். இன்றைய லினக்ஸும் டிரைவர் சொல்லும் வரம்பைப் பார்த்தே பிரிக்கிறது.

ஹார்டு டிஸ்க்கின் ஏ.டி.ஏ. கட்டளையில் எண்ணிக்கைக்கு 8 பிட். அதில் 0 என்றால் 256 செக்டர், அதாவது 128 கே.பி. 2002-இன் ஏ.டி.ஏ.-6 அதை 16 பிட்டாக்கி, 65,536 செக்டர், 32 எம்.பி. ஆக்கியது. ஆனால் லினக்ஸ் 65,535-லேயே நின்றுகொள்கிறது, அந்த 0-வை எழுதவே கூடாதென்று.

அந்த 0-வின் அருமை எனக்குத் தெரியும். முதல் வேலையில் நான் எழுதிய டிரைவர் எல்லாச் சோதனையிலும் பாஸ். ஒருநாள் சரியாக 65,536 பைட் வந்தது. 16 பிட் பதிவேட்டில் அது 0 ஆகி, ஒரு பைட்கூட நகரவில்லை. என் டிரைவரோ 'முடிந்தது' என்று சொல்லிவிட்டது! மூணு ராத்திரி தூங்காமல் தேடினேன். தப்பு என்னுடையதுதான். டேட்டாஷீட்டில் அந்த ஒரு வரியை நான் படிக்கவில்லை.

தம்பி தங்கைகளே, வரம்பு எவ்வளவு என்று முதலில் பாருங்கள். வரம்பிலும், அதற்கு ஒன்று குறைத்தும், ஒன்று கூட்டியும் சோதியுங்கள்.

நண்பர்களே, மறுபடி மலைக்கு வாங்க. ஒரே வண்டியில் இடமில்லையென்றால் ரெண்டு நடையா வருவோம்!