தோல் பதனிட்ட கைகளும் கோஸ் நூடுல்ஸும்

ஆற்காட்டிலிருந்து ஆரணிக்குச் செல்லும் சாலையில் உள்ளது திமிரி. 1751ஆம் ஆண்டு ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டைக்குள் புகுந்த சில நாள்களில், எதிரிப் படையைத் தேடிக்கொண்டு திமிரிக் கோட்டைவரை வந்தான் என்று போர் வரலாறு கூறும். வெளியுலக வரலாற்று நூல்களில் திமிரி தலைகாட்டுவது பெரும்பாலும் அந்த ஓரிடத்தில்தான். ஆனால் படையெடுப்பைத் தவிர வேறு வழிகளிலும் வரலாறு ஓர் ஊருக்குள் நுழைவதுண்டு. பந்தி வழியாகவும் நுழையும்.

இந்தப் பக்கத்துத் திருமண விருந்துகளில் பிரியாணியும், தயிர்ப் பச்சடியும், கத்தரிக்காயும் இன்றியமையாதவை. அண்மைக் காலமாக அவற்றோடு மண்டபத்தின் ஓரத்தில் ஒரு மேசையும் போடப்படுகிறது. நூலிழைபோல் அரிந்த முட்டைக்கோஸ், குடமிளகாய், கேரட். அவற்றின்மேல் எண்ணெயில் பொரித்து நொறுக்கிய நூடுல்ஸ். பிறகு கொஞ்சம் வினிகர், சோயாச் சாறு, மிளகாய்ச் சாறு. கிளறிக் காகிதத் தட்டில் தருகிறார்கள். மும்பைத் தெருக்களில் இதன் பெயர் ‘சைனீஸ் பேல்’. அமெரிக்காவில் கூட்டங்களுக்கும் மாதா கோவில் விருந்துகளுக்கும் ஏறத்தாழ இதையே வேக வைக்காத பொட்டல நூடுல்ஸை நொறுக்கிப் போட்டு, பாதாம் பருப்பும் எள்ளும் தூவிச் செய்து, ‘ஆசியச் சாலட்’ என்கிறார்கள். சீனாவில் போய்க் கேட்டால் இரண்டையுமே தெரியாது என்பார்கள்!

தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற இராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துக்கு இந்தப் பண்டம் எப்படி வந்தது? ‘சினிமாவைப் பார்த்து, நகரத்தைப் பார்த்து’ என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அது வந்த வழியைப் பின்னோக்கித் தேடிக்கொண்டே போனால், கடைசியில் நாம் போய் நிற்கும் இடம் ஒரு தோல் பதனிடும் குழியின் கரை. அதனால்தான் இக்கட்டுரை.

முதலில் கோஸைப் பார்த்துவிடுவோம். பிராசிக்கா ஒலரேசியா என்ற இந்தச் செடி ஐரோப்பியக் கடற்கரைகளைச் சேர்ந்தது. காலிபிளவரும், நூல்கோலும் இதே இனத்தின் பிள்ளைகள். நம் நாட்டுக்கு இவற்றைக் கொணர்ந்தவர்கள் ஐரோப்பியர்கள். இலங்கைத் தமிழர் முட்டைக்கோஸைக் ‘கோவா’ என்பர், சிங்களவரும் அப்படியே. போர்ச்சுகீசிய மொழியில் அதன் பெயர் ‘கோவ்’ என்பதை அறிந்தால் அது எந்தக் கப்பலில் வந்தது என்பது விளங்கிவிடும். குளிரை விரும்பும் இப்பயிர் தமிழ்நாட்டில் காலூன்றியது நீலகிரியில். கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819க்குப் பிறகு உதகையில் வீடு கட்டிக் குடியேறி, ஆங்கிலக் காய்கறிகளைப் பயிரிட்டுப் பார்த்தார். இன்று சுற்றுலாப் பயணிகள் படம் பிடித்துக்கொள்ளும் உதகைத் தாவரவியல் பூங்காவும்கூட, அங்கிருந்த வெள்ளையர்கள் சந்தா கட்டித் தங்களுக்கு மலிவாகக் காய்கறி கிடைக்கச் செய்த தோட்டமாகத்தான் 1840களில் தொடங்கிற்று. பூக்கள் பிறகு வந்தவை.

நூடுல்ஸ் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. இடியாப்பமும் சேவையும் பிழிந்து பழகிய கைகள் நம்முடையவை. ஆனால் நாம் அரிசி மாவைத் துளை வழியே அழுத்துகிறோம். சீனர் கோதுமை மாவைப் பிசைந்து இழுக்கிறார்கள், அல்லது தட்டி அரிகிறார்கள். கோதுமையிலுள்ள புரதம் நீருடன் சேர்ந்து ‘குளூட்டன்’ என்ற ரப்பர் போன்ற வலையாவதால்தான் இது இயல்கிறது. அரிசி மாவில் அந்த வலை இல்லை, இழுத்தால் உதிர்ந்துவிடும். சீனரின் மஞ்சள் நூடுல்ஸில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. மாவில் சிறிது காரநீர் சேர்ப்பார்கள். சோடியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும் கரைந்த நீர் அது. காரம் பட்டதும் மாவிலுள்ள சில நிறமற்ற பொருள்கள் மஞ்சளாகின்றன. குளூட்டன் வலையும் இறுகுகிறது. நம் வீட்டில் உளுந்து மாவில் அப்பளக்காரம் சேர்க்கிறோமே, அதுவும் ஏறக்குறைய இந்த இனத்துச் சரக்குத்தான்.

இப்போது கல்கத்தாவுக்குப் போவோம். (2001 முதல் கொல்கத்தா.) வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், டாங் அச்சூ என்ற சீனர் ஹூக்ளி ஆற்றங்கரையில் நிலம் பெற்றுக் கரும்பாலை வைத்தார். அவர் பெயரால் அவ்விடம் அச்சிப்பூர் என இன்றும் வழங்குகிறது. அவரைத் தொடர்ந்து தச்சர்கள், செருப்புத் தைப்பவர்கள், பல் மருத்துவர்கள் எனச் சீனர்கள் வந்துகொண்டேயிருந்தனர். அவர்களுள் ஹக்கா என்ற பிரிவினர் தென்சீனத்துக் குவாங்டுங் மாநிலத்திலிருந்து வந்தவர்கள். ஹக்கா என்ற சொல்லுக்கு ‘விருந்தாளிக் குடும்பம்’ என்று பொருள். சீனாவுக்குள்ளேயே வடக்கிலிருந்து தெற்கே பெயர்ந்து, போன இடமெல்லாம் பிந்தி வந்தவர்களாகவே எண்ணப்பட்டவர்கள் அவர்கள். நல்ல நிலம் முன்னரே பிறர் கையில் இருந்தது. பிறர் வேண்டாமென்று விட்டதைத்தான் அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கல்கத்தாவில் பிறர் வேண்டாமென்று விட்டது எது? தோல்! மாட்டுத் தோலைத் தொடுவது தீட்டு என்று ஒரு சமூகமே விலகி நின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹக்காக்கள் நகரின் கிழக்கே டாங்ரா என்ற சதுப்பு நிலத்தில் தோல் சாலைகளை அமைத்தனர். அவர்களிடம் குழியில் இறங்கி வேலை செய்தவர்களோ பீகாரிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட சாதியினர். நம் வட்டாரத்திலும் கதை வேறாக இல்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே வட ஆற்காட்டு முஸ்லிம் வணிகர்கள் தோல் சாலைகளை நடத்தினார்கள். சுண்ணாம்புக் குழியிலும் ஆவாரம்பட்டைத் தொட்டியிலும் கைகால் வெந்தவர்கள் சேரி மக்கள். தொழிலின் நாற்றத்தைப் பேசுபவர்கள் அந்தக் கைகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட வேண்டும். நம்மவர்கள் நெடுங்காலம் ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் பதனிட்டார்கள். டாங்ராவில் குரோமியம் உப்பால் பதனிடும் முறை மேலோங்கியது. பட்டை வாரக்கணக்கில் செய்வதைக் குரோமியம் ஓரிரு நாளில் செய்துவிடும். சென்னையில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் இம்முறையை 20ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் சோதித்துக் காட்டியிருந்தார். 1948இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநரான பி.எம். தாஸ், கல்கத்தாவில் தோல் ஆராய்ச்சியில் பழகியவர். இரு ஊர்களுக்கும் இடையே அறிவும் ஓடிக்கொண்டிருந்தது.

டாங்ராவில் தோல் சாலையும் வீடும் ஒன்றே. கீழே தொட்டி, மேலே குடும்பம். அடுப்பில் அவர்களுக்கான நூடுல்ஸ், அவரவர் வீட்டுப் பக்குவத்தில். 1962இல் இந்திய-சீனப் போர் மூண்டதும் நிலைமை தலைகீழாயிற்று. இந்தியாவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் உட்பட ஏறத்தாழ 3,000 சீன வமிசத்தினர் இராஜஸ்தானத்துத் தேவளி முகாமில் அடைக்கப்பட்டனர். பெரும்பாலோர் அஸ்ஸாம், மேகாலயா பகுதிகளிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டவர்கள். சிலர் விடுதலையாக ஆண்டுகள் பல ஆயின. திரும்பி வந்தவர்களின் வீடும் கடையும் பிறர் கைக்குப் போயிருந்தன. பலர் கனடாவுக்குக் கப்பலேறினர். குற்றம் ஏதும் மெய்ப்பிக்கப்படாமலே நடந்த இந்தச் சிறைவாசம் நம் பள்ளிப் பாடநூல்களில் இடம் பெற்றதாக நான் கண்டதில்லை.

எஞ்சியவர்களுக்குத் தோலும் சமையலுமே கதி. இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், கொத்துமல்லி எனச் சீனச் சட்டியில் நம் நாட்டுச் சரக்குகள் இறங்கின. கல்கத்தாவில் பிறந்து பம்பாய்க்குப் பிழைக்கச் சென்ற நெல்சன் வாங் 1975இல் அங்கொரு கிளப்பில் ‘மஞ்சூரியன்’ என்பதை உண்டாக்கினார் என்பர். ‘ஹக்கா நூடுல்ஸ்’ என்ற பெயரும் இவ்வாறே இந்தியாவில் ஊன்றியது. முட்டைக்கோஸ் இதிலெல்லாம் தாராளமாக இடம்பெற்றதற்குக் காரணம் எளியது: விலை மலிவு, எங்கும் கிடைக்கும், சட்டென்று வதங்கும். 1958இல் ஜப்பானில் மோமோஃபுக்கு ஆண்டோ என்பவர் ஆவியில் வெந்த நூடுல்ஸை எண்ணெயில் பொரித்து உலர்த்தும் முறையைக் கண்டார். 1983இல் ‘மேகி’ பொட்டலம் இந்தியக் கடைகளுக்கு வந்தது. அதன் பிறகு பட்டிதொட்டிப் பிள்ளைகளுக்கும் இந்த மஞ்சள் இழை அறிமுகமாகிவிட்டது.

அடுத்து 1996. அந்த ஆண்டு இரு தோல் வட்டாரங்களையும் ஒரே நீதிமன்றம் உலுக்கியது. ஆகஸ்டு 28இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறிற்று. பாலாற்றுப் படுகையில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்ற கணக்கு அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது. ஒவ்வொரு தோல் சாலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். கழிவைச் சுத்திகரிக்காவிட்டால் மூடல். டிசம்பர் 19இல் கல்கத்தாத் தோல் சாலைகள் நகரைவிட்டே வெளியேற வேண்டும் என்ற தீர்ப்பு. பந்தலா என்ற இடத்தில் புதிய தோல் வளாகம் அமைந்தது. டாங்ராச் சீனர் பலர் அங்குப் போகவில்லை. தொட்டிகளை மூடிவிட்டு அதே கட்டடங்களில் மேசை நாற்காலி போட்டு உணவு விடுதி நடத்தத் தொடங்கினர். முன்னரே தொடங்கியிருந்தவர்கள் பெருக்கிக்கொண்டனர். அங்குள்ள ‘சீனக் காளி’ கோவிலில் நூடுல்ஸ் பிரசாதமாகப் படைக்கப்படுகிறது. விருந்தாளிக் குடும்பம் சாமிக்கே விருந்து வைக்கிறது!

வேலூர்ப் பக்கத்தில் வழக்கின் மையப் பொருள்களில் ஒன்று குரோமியம். மற்றொன்று வெறும் சோற்றுப்பு. உப்பா நிலத்தைக் கெடுத்தது என்று கேட்கலாம். உரித்த தோல் அழுகாதிருக்க அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு உப்பைத் தடவுகிறார்கள். உப்பு தோலிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடும். நீரின்றி நுண்ணுயிர்கள் பெருகா. பிறகு பதனிடுவதற்கு முன் அந்த உப்பையெல்லாம் கழுவ வேண்டுமே! கழுவிய நீர் ஏரிக்கும் கிணற்றுக்கும் போயிற்று. குரோமியத்தை வீழ்படிவாக்கிப் பிரித்துவிடலாம். கரைந்த உப்பைப் பிரிப்பது எளிதன்று. நீரை ஆவியாக்கவோ, நுண்சவ்வு வழியே அழுத்தி வடிக்கவோ வேண்டும். இரண்டும் செலவு மிகுந்தவை. உப்பு நிறைந்த நிலத்தில் பயிரின் வேர், நீரை உறிஞ்ச முடியாமல் தவிக்கிறது. தோலிலிருந்து நீரை இழுத்த அதே விசை வேரிலிருந்தும் இழுக்கிறது. இதுவே சவ்வூடு பரவல்.

விருந்து மேசையில் நடப்பதும் இதுதான். முட்டைக்கோஸின் எடையில் 92 விழுக்காடு நீர். ஒவ்வோர் உயிரணுவும் நீர் நிரம்பிய பலூன்போல் விறைத்திருப்பதால் கடித்தால் ‘கறுக்’ என்கிறது. பொரித்த நூடுல்ஸின் மொறுமொறுப்பு நேர்மாறானது. அங்கே நீர் இல்லாததால்தான் அது நொறுங்குகிறது. பொரிக்கும்போது நீர் ஆவியாய் வெளியேறிய இடங்களெல்லாம் நுண்துளைகளாகிவிடுகின்றன. சிறிது ஈரம் பட்டாலும் துளைகள் உறிஞ்சிக்கொள்ளும். ஒன்றுக்கு நீர் உயிர், மற்றதற்கு நீர் எமன். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டு உப்புள்ள சோயாச் சாற்றையும் ஊற்றினால் என்ன ஆகும்? கோஸின் நீர் வெளியேறும், நூடுல்ஸ் அதைக் குடிக்கும். கால் மணியில் இரண்டும் துவண்டுவிடும். பந்தி தாமதமாகும் வீடுகளில் அந்த ஓரத்து மேசையை மக்கள் சீண்டாமல் போவதற்குக் காரணம் சமையற்காரரின் கைப்பக்குவக் குறைவன்று.

தோல் மண்டிக்காரர் செய்வதையே இங்கும் செய்யலாம். ஒரு கிலோ கோஸை அரிந்து 20 கிராம் உப்புப் பிசறி அரை மணி நேரம் வடிதட்டில் வைத்தால் நீரில் ஒரு பகுதி முன்னதாகவே வடிந்துவிடும். லேசாய் அலசி, துணியில் போட்டுப் பிழிந்து, பிறகு எண்ணெயில் புரட்ட வேண்டும். இழைகளின்மேல் படியும் எண்ணெய் ஈரத்தை ஓரளவு தடுக்கும். விறைப்பு கொஞ்சம் குறையும். ஆனால் உயிரணுச் சுவர் அப்படியே இருப்பதால் கடிக்கும்போது கறுக்கென்றே இருக்கும். உப்பு முன்பே சேர்ந்துவிட்டதால் சோயாச் சாற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பாதாமுக்குப் பதில், திமிரி வட்டாரத்து மானாவாரி நிலங்களில் விளையும் வேர்க்கடலையை வறுத்து உடைத்துப் போடலாம். (அதுவும் தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்ததுதான்.) எள்ளையும் வறுத்து வைத்துக்கொள்ளலாம். நூடுல்ஸை மட்டும் மூடியுள்ள தகர டப்பாவில் தனியே வைத்திருந்து, தட்டு நீட்டுபவரின் கண்ணெதிரே நொறுக்கித் தூவ வேண்டும்.