தட்சரும் ஒரு பனி உருண்டையும்

2022 யூலை 19. லிங்கன்சயரில் கொனிங்ஸ்பி என்ற இடத்தில் 40.3 பாகை வெப்பம் பதிவானது. இந்த நாட்டில் வெப்பம் 40 பாகையைத் தொட்டது அன்றுதான் முதற்தடவை. லண்டனும் தப்பவில்லை.

நான் அன்று வழமைபோல குசினியில் நின்றேன். வெளியே நாற்பது என்றால் அடுப்புகளுக்கும் தந்தூரிக்கும் நடுவில் எவ்வளவு என்று ஒருவரும் அளக்கவில்லை. மத்தியானம் கோப்பை கழுவுகிற பெடியன் தலைசுற்றி விழுந்துவிட்டான். தூக்கிக்கொண்டுபோய் இறைச்சி வைக்கிற குளிர் அறைக்குள் இருத்தித் தண்ணி குடுத்தோம். முதலாளி வந்து பார்த்தார்.

"என்ன தம்பியவை, ஊரில காணாத வெயிலே இது? உந்தக் குளோபல் வோமிங் எல்லாம் வரி கூட்டுறதுக்குச் சொல்லுற கதை. ட்ரம்ப் சரியாத்தான் சொன்னவன்."

நான் யாழ் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியலை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு ஓடி வந்தவன். பதில் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. வேலை முக்கியம். அன்று சொல்லாததை இங்கே எழுதி ஆறுகிறேன்.

முதலில், இது ட்ரம்ப் காலத்துக் கதையே இல்லை. இந்த லண்டனில், றோயல் இன்ஸ்ரிரியூசனில், 1859 இல் ஜோன் ரின்டல் என்பவர் வாயுக்களைக் குழாயில் அடைத்து வெப்பத்தைச் செலுத்திப் பார்க்கத் தொடங்கினார். நீராவியும் காபனீரொட்சைட்டும் வெப்பத்தை உறிஞ்சுகின்றன, ஒட்சிசனும் நைதரசனும் அப்படிச் செய்வதில்லை என்று கண்டார். சூரிய ஒளி உள்ளே வரும், பூமியிலிருந்து திரும்பிப் போகும் வெப்பம் வழியில் மறிபடும். சட்டிக்கு மூடி போட்டால் என்ன நடக்கும் என்று குசினிக்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

1938 இல் கை கலென்டர் என்ற ஆங்கிலேயர் உலகெங்கும் 147 வானிலை நிலையங்களின் பதிவேடுகளைத் தன்கையால் கணக்குப் பார்த்து, பூமி சூடாகிறது, நாம் எரிக்கிற நிலக்கரியும் அதற்குக் காரணம் என்று லண்டனில் ஒரு கட்டுரை சமர்ப்பித்தார். அவர் வானிலை ஆய்வாளர் அல்ல, நீராவித் தொழில்நுட்பம் தெரிந்த பொறியியலாளர். பெரிய விஞ்ஞானிகள் அவரைப் பெரிதாக எடுக்கவில்லை. (சூடாவது நல்லதுக்குத்தான் என்று அவரே நினைத்தார், அது வேறு கதை.)

அது எங்கள் புகைதான் என்று எப்படித் தெரியும்? நிலக்கரியும் எண்ணெயும் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தவை. அவற்றில் காபன் 14 எப்போதோ அழிந்துவிட்டது. அந்தப் புகை கலக்கக் கலக்க, காற்றில் காபன் 14 இன் பங்கு குறையவேண்டும். குறைந்திருக்கிறது என்று ஹான்ஸ் சூஸ் 1955 இல் மரங்களை ஆராய்ந்து காட்டினார். ஹவாயில் 1958 இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 315 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இப்போது 420 ஐத் தாண்டிவிட்டது.

இனி அரசியலுக்கு வருவோம். இதை உலக மேடைக்குக் கொண்டுபோன முதல் பெருந்தலைவர்களில் ஒருவர் யார் தெரியுமா? மார்கிரட் தட்சர்!

எங்கள் ஆட்களுக்கு அவரில் பாசம் வரக் காரணம் எதுவும் இல்லை. 1985 இல் இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது அவருடைய அரசு. 1987 இல் திருப்பி அனுப்பப்பட இருந்த எம்மவர்கள் ஹீத்ரோவில் உடுப்பைக் கழற்றி எறிந்து போராடியதும் அவர் காலத்தில்தான். ஆனால் அம்மையார் ஒக்ஸ்போர்டில் இரசாயனவியல் படித்தவர். 1988 செப்டெம்பரில் றோயல் சொசைட்டியிலும், 1989 நவம்பரில் ஐ.நா. சபையிலும் பூமி சூடாவதைப்பற்றி எச்சரித்தார். 1990 இல் ஹட்லி நிலையம் என்ற காலநிலை ஆய்வு மையத்தைத் திறந்துவைத்தார்.

சுரங்கத் தொழிலாளரை அடக்கத்தான் அவர் இந்தக் கதையை எடுத்தார் என்று சிலர் சொல்வார்கள். அந்த வேலைநிறுத்தம் 1985 மார்ச்சிலேயே முறிந்துவிட்டது. பேச்சு வந்தது 1988 இல். ரின்டல் 1859 இல்!

பிறகு என்ன நடந்தது? விஞ்ஞானம் மாறவில்லை, செலவுக் கணக்கு வந்தது. எரிபொருளைக் குறைக்கவேண்டும், அரசு சட்டம் போடவேண்டும் என்றதும் பலருக்குத் திடீரென்று விஞ்ஞானத்தில் சந்தேகம் பிறந்தது. 2002 இல் வெளிவந்த நூலில் தட்சரே பழைய எச்சரிக்கையிலிருந்து பின்வாங்கினார். அவருடைய நிதியமைச்சராக இருந்த நைஜல் லோசன் ஒருபடி மேலே போய் 2009 இல் இதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். 2017 இல் பி.பி.சி. வானொலியில், கடந்த பத்து வருடத்தில் உலக வெப்பம் சற்றுக் குறைந்திருக்கிறது என்றார். அது பிழையான தகவல். அதைத் திருத்தாமல் விட்ட பி.பி.சி. விதியை மீறியது என்று 2018 இல் ஒவ்கொம் தீர்ப்புச் சொன்னது.

அமெரிக்காவில் கேட்கவே வேண்டாம். அறிவியல் இன்னும் முடிவாகவில்லை என்று சொல்லிக்கொண்டே இருங்கள் என்று ஃபிராங்க் லன்ட்ஸ் என்ற ஆலோசகர் றிபப்ளிக்கன் கட்சிக்கு எழுதிக்கொடுத்தார். 2019 இல் செனற் குழு முன்னால் வந்து தான் பிழைவிட்டதாக ஒப்புக்கொண்டார். அதற்குள் எத்தனை வருடம் போய்விட்டது!

2015 பெப்ரவரி 26 அன்று ஒக்லஹோமா செனற்றர் ஜேம்ஸ் இன்ஹோஃப் ஒரு பனி உருண்டையைச் சபைக்குள் கொண்டுவந்து, வெளியே எவ்வளவு குளிர் பாருங்கள் என்று காட்டி எறிந்தார். அவர் அப்போது செனற்றின் சுற்றுச்சூழல் குழுத் தலைவர். எண்ணெய் மாநிலத்துக்காரர், எண்ணெய்க் காசும் தேர்தலுக்குத் தாராளமாக வந்தது. அந்த 2015 தான் அதுவரை பதிவான வருடங்களில் ஆகச் சூடான வருடமாக முடிந்தது.

இங்கும் அப்படி ஒரு பனி பெய்தது. 2008 ஒக்ரோபர் 28 இரவு பாராளுமன்றத்தில் காலநிலைச் சட்டத்துக்கு 463 பேர் ஆதரவாகவும் 3 பேர் எதிராகவும் வாக்களித்தபோது, வெளியே லண்டனில் பனி. 1934 க்குப் பிறகு ஒக்ரோபரில் பெய்த முதல் பனி. நான் வேலை முடிந்து பஸ் தரிப்பில் விறைத்துக்கொண்டு நின்றது ஞாபகம். மறுப்பாளர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் ஒரு இரவின் குளிர் வேறு, நூறு வருடக் கணக்கு வேறு. ஒரு நாள் கல்லா நிரம்பியதை வைத்துக் கடை இலாபத்தில் ஓடுகிறது என்று எங்கள் முதலாளி சொல்வாரா?

2025 செப்டெம்பரில், தட்சர் எச்சரித்த அதே ஐ.நா. சபையில் நின்று ட்ரம்ப் இதெல்லாம் பெரிய மோசடி என்றார். அடுத்த மாதம் தட்சரின் கட்சித் தலைவி கெமி பாடெனொக் 2008 சட்டத்தை நீக்கப்போவதாக அறிவித்தார். அவர் சூடாவதை மறுக்கவில்லை, சட்டம்தான் வேண்டாம் என்கிறார். விழுந்த பெடியனுக்கு இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

நடந்ததை நடக்கவில்லை என்று மேடையேறிச் சொல்கிறவர்களை நாங்கள் ஊரிலேயே கண்டவர்கள். அவர்களுக்கு உண்மை தெரியாமல் இல்லை. ஒத்துக்கொண்டால் ஏதாவது செய்யவேண்டி வரும், அதுதான் பிரச்சினை.

போன கோடையில் முதலாளி குசினிக்கு இரண்டு பெரிய மின்விசிறி வாங்கிப் பூட்டினார். "பெடியள் விழுந்தா எனக்கெல்லோ நட்டம்" என்றார். வெயில் கூடவில்லை என்கிறவர் விசிறி ஏன் வாங்கினார் என்று கேட்க நினைத்தேன்.

இந்த முறையும் கேட்கவில்லை.