அரைப்புள்ளி வந்த கதை

காற்புள்ளி எல்லோருக்கும் தெரியும். முற்றுப்புள்ளியும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் அரைப்புள்ளியைக் (;) கண்டால்தான் பலரும் ஒதுங்கிப் போகிறார்கள். பரீட்சைத் தாளில்கூட அதைப் பார்ப்பது அபூர்வம். ஆனால் தமிழ் உரைநடையைத் தனியாக உட்கார்ந்து படிக்கும் வசதி நமக்குக் கிடைத்ததில் இந்தச் சின்னக் குறிக்கும் பங்கு உண்டு.

ஓலைச்சுவடியில் நிறுத்தற்குறிகள் கிடையாது. சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. எழுத்தாணி அழுத்தினால் ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்தின் புள்ளியையே பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். செய்யுளுக்கு இது பெரிய குறை அல்ல. எங்கே நிறுத்துவது என்பதை யாப்பே சொல்லிவிடும். உரைநடைக்கு அந்தத் துணை இல்லை. பிரித்துப் படித்துக் காட்ட ஓர் ஆசிரியர் வேண்டும். ஆசிரியர் கிடைக்காதவனுக்குப் படிப்பும் இல்லை.

அரைப்புள்ளி பிறந்தது இத்தாலியில். 1490-களில் வெனிஸ் நகர அச்சகர் அல்டஸ் மனூஷியஸ், பெம்போ என்பவர் எட்னா எரிமலை பற்றி எழுதிய நூலில் இதைப் பயன்படுத்தினார். தமிழுக்கு அது அச்சு வழியாக, முக்கியமாகக் கிறிஸ்தவ மிஷனரிகள் மூலம் வந்தது. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்கு (1850) உதவியவர் ஆறுமுக நாவலர் (1822-1879). பிறகு அவர் சைவத்துக்காகவே 1849-இல் சொந்த அச்சுக்கூடம் வைத்து, மிஷனரிகளை எதிர்த்து எழுதினார். ஆனால் நிறுத்தற்குறிகளை விடவில்லை. தமிழ் உரைநடையில் அவற்றை ஒழுங்காகக் கையாண்ட முன்னோடி என்று இன்றும் அவரையே சொல்கிறார்கள். மதம் வேறானாலும் வாசகனின் தேவை ஒன்றுதானே!

அரக்கோணம் பக்கமும் இதே காலத்தில்தான் அச்சுப் புத்தகம் பரவியது. 1853-இல் அமெரிக்க ஆற்காடு மிஷன் தொடங்கியது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து அரக்கோணம் வழியாக வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. மிஷன் பள்ளிகளில் படித்தவர்களில் பலர், அதுவரை எழுத்தே மறுக்கப்பட்ட தலித் குடும்பத்துப் பிள்ளைகள். 1871-இல் ஹென்றி பவர் தலைமையில் திருத்தி வெளியிட்ட தமிழ் பைபிளைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் அரைப்புள்ளிகள். ஒருவர் வாசிக்க, எழுதப் படிக்கத் தெரியாத பலர் கேட்கும் சபையில் எங்கே மூச்சு விடுவது என்பதை அந்தக் குறியே காட்டிக் கொடுத்தது.

சரி, அதை எங்கே போடுவது? தமிழ் வாக்கியங்களை இணைக்க வினையெச்சம் இருக்கிறது. "வந்து, பார்த்து, போனான்" என்பதில் வினைமுற்று ஒன்றுதான். எனவே காற்புள்ளி போதும். இரண்டு வினைமுற்றுகள் தனித்தனி வாக்கியமாக நின்று, பொருளில் மட்டும் ஒட்டியிருந்தால் அங்கே அரைப்புள்ளி வரும்.

"மழை பெய்தது; தோல் காயவில்லை." ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "பெய்ததால்" என்று எழுதினால் காரணத்தை நாமே சொல்லிவிடுகிறோம். முற்றுப்புள்ளி வைத்தால் இரண்டும் தனிச் செய்தியாகின்றன. அரைப்புள்ளி வைத்தால் தொடர்பை வாசகரே கண்டுகொள்கிறார். "ஆனால்", "ஆகவே" போன்ற சொற்களுக்கு முன்னும் இது பொருந்தும்: "ரயில் அரக்கோணம் வந்தது; ஆனால் அவர் இறங்கவில்லை."

ஒரு சோதனை போதும். குறிக்கு இரு பக்கமும் உள்ளவை தனியே நின்றாலும் முழு வாக்கியமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் தாராளமாகப் போடலாம். ஒரு பக்கம் குறையாக நின்றால் காற்புள்ளியே சரி.

படித்துக் காட்ட ஆள் இல்லாதவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டிய குறி இது. அதை மறந்துவிட வேண்டாமே!