எண் கூறும் செய்தி: கோல்ட் சுழல்துப்பாக்கியின் மாற்றுறுப்புகள்

சாமுவேல் கோல்ட் என்னும் அமெரிக்கர் செய்த சுழல்துப்பாக்கிகளில் எந்த உறுப்பையும் எந்தத் துப்பாக்கியிலும் மாற்றிப் பொருத்தலாம் என்பது நெடுங்காலமாகக் கூறப்பட்டுவந்த செய்தி. இயந்திரத்தொழில் வரலாறு எழுதியோர் பலரும் இதனை ஆராயாமலே ஏற்றனர். துப்பாக்கிகளோ வேறு கதை கூறுகின்றன.

1851ஆம் ஆண்டு இலண்டன் பெரும் பொருட்காட்சியில் கோல்ட் தம் படைக்கலங்களைக் காட்சிக்கு வைத்தார். அவ்வாண்டே அந்நகரப் பொறியியலாளர் கழகத்தில் உரையாற்றி, செய்செலவில் பத்தில் எட்டுப் பங்கு அளவுக்கு இயந்திரங்களையே பயன்படுத்துவதாகக் கூறினார். 1853இல் தேம்ஸ் நதியோரம் பிம்லிகோவில் அவர் தொழிற்சாலை இயங்கத் தொடங்கிற்று. நீராவிச் சம்மட்டியால் புகழ்பெற்ற ஜேம்ஸ் நாஸ்மித் அதனைக் கண்டு தம் செருக்கு அடங்கியதாக 1854இல் நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார்.

ஆயினும் சுழல்துப்பாக்கி எளிய பொறியன்று. குதிரையைப் பின்னுக்கு இழுக்கும்போது ஒரு சிறு தள்ளுகோல் உருளையைச் சுழற்றும். ஒரு தாழ் உருளையின் பள்ளத்தில் விழுந்து அதனை நிறுத்தும். அவ்வேளையில் குண்டிருக்கும் அறை குழலுக்கு நேராக நிற்றல் வேண்டும். சற்றே விலகினாலும் ஈயக்குண்டு குழல்வாயில் உரசிச் சிதையும். தள்ளுகோல், தாழ், உருளை, குழல் ஆகிய ஒவ்வொன்றின் சிறுபிழையும் ஒன்றுகூடிப் பெரும்பிழையாகும்.

ஆகவே, இயந்திரத்தினின்று வந்த உறுப்புகளை, உலோகம் மென்மையாக இருக்கும்போதே, தொழிலாளர் அரத்தால் அராவி இணைத்தனர். பின்னர் பிரித்து, கடினமாக்க உலையிலிட்டனர். கலந்துவிட்டால் மீண்டும் பொருந்தாது என்பதனாலன்றோ குழல், சட்டம், உருளை, ஆப்பு ஆகிய அனைத்திலும் ஒரே எண்ணைப் பொறித்தனர்! எதுவும் எதிலும் பொருந்துமாயின், சிறு ஆப்புக்கும் எண் எதற்கு? டேவிட் ஹவுன்ஷெல் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர் 1984இல் வெளியிட்ட நூலில் இவ்வுண்மையை எடுத்துரைத்தார்.

மாற்றுறுப்பு அக்காலத்தில் இயலாததன்று. ஹார்ப்பர்ஸ் பெர்ரியில் ஜான் ஹால் 1820களிலேயே அத்தகைய துப்பாக்கிகளைச் செய்தார். அங்கே அளவுகருவிகளுக்கு அரசாங்கப் பணம் செலவாயிற்று. கோல்ட் வணிகர், அவருக்கு அரம் மலிவாகத் தோன்றியிருக்கும் என்றே கருதுகிறேன்.

1856இல் இலண்டன் தொழிற்சாலையில் உற்பத்தி நின்றது. அங்கே செய்யப்பட்டவற்றைத் தேடி வாங்குவோர் இன்றும் உறுப்புகளின் எண்கள் ஒத்துள்ளனவா என்றே முதலில் பார்க்கின்றனர். உருளையின் எண் வேறாயின் விலை இறங்கிவிடும்.