ஆட்டிசமும் ‘குணம்’ என்னும் சொல்லும்

மொழிபெயர்ப்புப் பணியிலிருக்கும் நம்மைச் சில சொற்கள் நெடுநேரம் நிறுத்தி வைப்பதுண்டு. சிகிச்சை, குணம் என்னும் இரண்டும் அத்தகையன. ஒன்று மருத்துவர் அளிப்பது. மற்றொன்று நோயாளி அடைவது. ஆட்டிசத்தின் வரலாற்றில் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதால் பெற்றோர் பட்ட துயரம் சிறிதன்று.

1943-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கான்னர் என்னும் மருத்துவர், பிறரோடு ஒட்டாது தமக்குள்ளேயே ஒதுங்கியிருந்த 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அதன்பின் நெடுங்காலம் தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் எனக் கற்றோரும் கூறி வந்தனர். என்னே கொடுமை! ஆட்டிசமுள்ள மகனைப் பெற்ற உளவியலார் பெர்னார்ட் ரிம்லண்ட், 1964-இல் நூலெழுதி அதனை மறுத்தார். பழி மெல்ல நீங்கிற்று. மருந்து தேடும் வேட்கை நீங்கவில்லை.

1998-இல் செக்ரெட்டின் என்னும் மருந்தின் புகழ் பரவிற்று. குடலிற் சுரக்கும் இப்பொருளைச் செரிமானச் சோதனைக்காகச் செலுத்தியபோது, 3 குழந்தைகளிடம் பேச்சும் பார்வையும் தெளிந்தன என்பது செய்தி. பெற்றோர் அதனைத் தேடி அலைந்தனர். மறு ஆண்டே ஆய்வாளர் சிலர் குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அம்மருந்தையும் மற்றதற்கு வெறும் உப்புநீரையும் ஊசிவழி ஏற்றினர். எது எவருக்கு என்பது பெற்றோருக்குத் தெரியாது. இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறியதாகக் கண்டனர்! குழந்தை இயல்பாகவே வளர்கிறது. ஏங்கும் கண்ணோ சிறு மாற்றத்தையும் பெரிதாகக் காண்கிறது. முடிவை அறிந்த பின்னரும் பெற்றோருள் பாதிக்கு மேற்பட்டோர் அம்மருந்தில் நாட்டம் கொண்டிருந்தனர். அவர்களைப் பேதையர் என்று கூற நமக்கு மனம் வரவில்லை.

நம் நாட்டில் அதே ஏக்கம் ஸ்டெம் செல் சிகிச்சையை நாடிற்று. ஆட்டிசத்திற்கு அது பரிந்துரைக்கத்தக்கதன்று என 2022-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு அறிவித்தது. இன்றும் கடுஞ்சினத்தையும் உறக்கமின்மையையும் தணிக்க மருந்துகள் உண்டு. ஆட்டிசத்தையே போக்கும் மருந்து இல்லை. தம்மையும் ஆட்டிசத்தையும் வேறாகப் பிரிக்கவியலாது என்று, ஆட்டிசமுள்ள ஜிம் சின்கிளேர் 1993-லேயே பெற்றோருக்கு எடுத்துரைத்தார்.

பயன் தருவது பயிற்சியே. பேச்சோ, சைகையோ, படமோ, எதன் வாயிலாகவேனும் தன் தேவையைத் தெரிவிக்கக் குழந்தைக்குக் கற்பிக்கின்றனர். வேற்று மாநிலங்களில் வாழும் நேயர்களிடம், வீட்டில் தமிழை விட்டுவிடுமாறு சிலர் கூறக்கூடும். இரு மொழி கேட்டு வளர்வது இக்குழந்தைகளின் மொழி வளர்ச்சியைக் கெடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. பாட்டிக்குத் தமிழ் மட்டுமே தெரியுமாயின், அவர் பேரனோடு தமிழிலேயே பேசலாம்.