மலாக்காவின் சிவப்புக் கட்டடம்



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி மாணவர்களை மலாக்காவிற்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றிருந்தேன். டச்சுச் சதுக்கத்தில் மணிக்கூண்டின் நிழலில் அவர்களை வரிசையாக நிறுத்தி, “இதுதான் டச்சுக்காரர்கள் கட்டிச் சிவப்புச் சாயம் பூசிய நகர மன்றம்” என்று விளக்கினேன். மாணவர்களும் அதனை அப்படியே தங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர். அந்த வாக்கியத்தில் பாதி பிழை என்பது பின்னர்தான் எனக்குத் தெரிய வந்தது.

கட்டியவர்கள் டச்சுக்காரர்கள் என்பதில் ஐயமில்லை. 1511-இல் போர்த்துகீசியர் பிடித்த மலாக்காவை, மாதக்கணக்கில் நீடித்த முற்றுகைக்குப் பின் 1641 சனவரியில் டச்சுக்காரர்கள் கைப்பற்றினர். அடுத்த சில ஆண்டுகளில் எழுந்ததே ஸ்டாட்ஹைஸ். டச்சு மொழியில் அதற்கு நகர மன்றம் என்றே பொருள். ஆளுநரும் கம்பெனி அதிகாரிகளும் அங்கிருந்துதான் ஆட்சி நடத்தினர். கிழக்கில் டச்சுக் கம்பெனியின் தலைநகரம் பத்தாவியா; மலாக்காவோ அதற்கு அடங்கிய ஒரு சிறு நகரம். அந்தச் சிறு நகரத்திற்கு இத்தனை தடித்த சுவர்களும் கனத்த கதவுகளும்!

ஆனால் அக்காலத்தில் அதன் சுவர்கள் வெள்ளை நிறத்தில் இருந்தன. சிவப்பு, ஆங்கிலேயர் ஆட்சியில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. மழையில் செம்மண் தெறித்துச் சுவர் கறைபட்டதால் பூசினார்கள் என்பர் சிலர். வெற்றிலை எச்சில் கறையை மறைக்கவே என்று கதை சொல்லும் வழிகாட்டிகளும் உண்டு. எச்சில் கதையை மாணவர்கள் மிகவும் விரும்புவார்கள். நான் அதனைக் கதையாக மட்டுமே சொல்வேன். சதுக்கத்தின் பெயரும் அப்படித்தான். மணிக்கூண்டு 1886-இல் ஒரு சீனக் குடும்பம் அளித்தது. நீரூற்றோ விக்டோரியா அரசியின் நினைவாக எழுந்தது. இரண்டுமே டச்சுக்காரர்கள் போன பிறகு வந்தவை.

நம்மவர்க்கும் இந்த ஆட்சிக்கும் தொடர்பு உண்டு. 1658-இல் நாகப்பட்டினமும் டச்சுக்காரர் கைக்கு வந்தது. சோழமண்டலக் கரையின் துணிகள் மலாக்காச் சந்தைக்குக் கப்பலேறின. மலாக்காச் செட்டிகளின் தலைவருக்கு டச்சு அரசு அளித்த நிலத்தில்தான் 1781-இல் ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் எழுந்தது. ஸ்டாட்ஹைஸிலிருந்து ஆற்றைக் கடந்து சற்று நடந்தால் போதும், அதனைக் காணலாம். அதே 1781-இல் நாகப்பட்டினத்தை ஆங்கிலேயரிடம் டச்சுக்காரர்கள் இழந்தார்கள் என்பது ஒரு வியப்பான பொருத்தம்.

1795-இல் மலாக்காவும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1807-இல் அவர்கள் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தனர். தமிழ், அரபு மரபில் வந்த முன்ஷி அப்துல்லா தம் வரலாற்று நூலில் அதனை விரிவாக எழுதியிருக்கிறார். கோட்டையில் ஒரு வாயில் மட்டுமே எஞ்சியது. நகர மன்றம் பிழைத்தது. அலுவலகம் வேண்டாத ஆட்சி ஏது? 1824 உடன்படிக்கையால் மலாக்கா ஆங்கிலேயருக்கே உரித்தானது. 1826-இல் இவ்வளாகத்தில் ஓர் இலவச ஆங்கிலப் பள்ளி தொடங்கப்பட்டது. இன்றைய மலாக்கா உயர்நிலைப்பள்ளி அதன் தொடர்ச்சியே. 1931-இல்தான் அது வேறிடம் சென்றது. நூறாண்டுக்கும் மேலாக இங்கே பாடம் நடந்தது என்பதை எந்த வழிகாட்டியும் எனக்குச் சொன்னதில்லை. ஆசிரியராகிய எனக்கு அதில் சிறிது வருத்தமே.

விடுதலைக்குப் பின்னும் 1979 வரை இங்கு அரசு அலுவலகங்கள் இயங்கின. 1982-இல் அது வரலாறு, இனவியல் அருங்காட்சியகமானது. ஆக, முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மனுக்களோடும் கோப்புகளோடும் மக்கள் ஏறி இறங்கிய படிகள் அவை. 2008-இல் மலாக்கா யுனெஸ்கோவின் உலக மரபுடைமை நகரமானது. அதன்பின் வருவோரில் பலர் முன்சுவரைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். அன்று நாங்களும் உள்ளே செல்லவில்லை, பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

அந்த மாணவர்கள் இப்பொழுது இடைநிலைப்பள்ளியையும் முடித்திருப்பார்கள். அவர்களின் பழைய குறிப்பேடுகளில் என் பிழை அப்படியே இருக்கக்கூடும். அவர்களின் பெற்றோர் எவரேனும் இதனைப் படிக்க நேர்ந்தால், சுவர் வெள்ளையாக இருந்தது என்று ஆசிரியர் திருத்திச் சொன்னதாகப் பிள்ளையிடம் தெரிவித்துவிடுங்கள்.